கிளியனூர் அம்மன் காசு

புதன்கிழமை காலை பத்து மணிக்கு விழுப்புரம் சந்திப்பில் இறங்கினேன். கரூரில் இருட்டோடு கிளம்பி, திருச்சியில் வண்டி மாறி வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. கைப்பையில் இரண்டு சேலை, ஒரு லென்ஸ், பெரிதாக்கி அச்செடுத்த நான்கு படங்கள். இவ்வளவு தூரம் நான் வந்தது கோயில் பார்க்க அல்ல, கல்யாணச் சாப்பாட்டுக்கும் அல்ல. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தாலிக் கயிற்றைப் பார்க்க வந்தேன். வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார். இருபத்தைந்து வருடப் பழக்கம்.

கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் துணியின் தரம் பார்ப்பது என் வேலை. ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று லென்ஸ் வைத்து எண்ணுவேன். அதே லென்ஸால் பழைய காசுகளைப் பார்ப்பது என் பைத்தியம். எங்கள் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். காசுப் படங்களை நான் அவ்வப்போது இணையத்தில் போடுவேன். அதைப் பார்த்துத்தான் கௌசல்யா எனக்கு எழுதினாள்.

திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் அவள். சொந்த ஊர் கிளியனூர். அவளுடைய அம்மாவின் தாலிக் கயிற்றில் 'அம்மன் காசு' என்று ஒரு தங்கக் காசு கோத்திருக்கிறதாம். அடுத்த மாதம் கௌசல்யாவுக்குக் கல்யாணம். வருகிற வெள்ளிக்கிழமை தாலிக்குப் பொன் உருக்குகிறார்கள். அந்தக் காசை அப்படியே தன் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் காசிலிருந்த அம்மனின் முகம் அழிந்துபோனதால், உருக்குகிற பொன்னோடு சேர்த்து அதையும் உருக்கிவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. 'முகம் முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு யாராவது காட்டினா உருக்க மாட்டாங்க அக்கா' என்று எழுதி, ஒரு மங்கலான படமும் அனுப்பியிருந்தாள். அந்தப் படத்தில் மஞ்சளும் குங்குமமும் அப்பிய ஒரு வட்டம்தான் இருந்தது. ஆனால் வட்டத்தின் விளிம்பில் P, O, N என்று மூன்று எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. ரோமானியப் பேரரசனின் பட்டப்பெயர் ஒன்று தொடங்கும் எழுத்துகள் அவை. அன்றைக்கே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ்ஸில் நான் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியதும் நடத்துநர் கையெடுத்துக் கும்பிட்டார். "சில்லறை வச்சிக்கினு ஏறுங்கம்மா. காத்தாலயே பேஜாரு பண்றீங்களே!" என்றார். பக்கத்தில் இருந்த அம்மாள் சில்லறை மாற்றிக் கொடுத்தாள். தன் மடியில் இருந்த வேகவைத்த மல்லாட்டையிலும் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். எங்கள் பக்கம் நிலக்கடலை என்போம். பெயர் மாறினால் ருசியும் கொஞ்சம் மாறும் போல, திண்டிவனம் வரும்வரை தோல் உரித்துக்கொண்டே வந்தேன்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி சாலையில் கிளியனூர் அரை மணி நேரம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் இந்த முறை நடத்துநரிடம் திட்டு வாங்கவில்லை. சாலையின் இருபுறமும் சவுக்குத் தோப்பு, ஏரி, அறுத்து அடுக்கிய கரும்பு. இதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி, அதற்கு அப்பால் அரிக்கமேடு. ரோமானியச் சரக்கு வந்து இறங்கிய துறை அது. அங்கே இறங்கிய காசு ஒன்று ஒரு கிளியனூர்க் கழுத்துக்கு வந்து சேர எத்தனை கை மாறியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவற விட்டேன். கௌசல்யா ஸ்கூட்டியில் துரத்தி வந்து அடுத்த நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய அம்மா செல்வி கூடத்தில் உட்கார்ந்து விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னையும் என் பையையும் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டார்.

"ஆபீஸ்லேர்ந்து வந்துகிறீங்களா?"

"இல்லைங்க. துணிக் கம்பெனியிலிருந்து வர்றேன்."

இந்தப் பதில் அவரை மேலும் குழப்பிவிட்டது. கௌசல்யா எல்லாவற்றையும் விளக்கியபின்தான் முந்தானை கொஞ்சம் தளர்ந்தது.

"பாத்துக்கோங்க. ஆனா கழட்ட மாட்டேன். கயிறு மாத்தற அன்னிக்கித்தான் கழட்டறது."

ஆக, காசு அவர் கழுத்தில் இருந்தபடியே பார்க்க வேண்டியதாயிற்று. அவரை ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்காரவைத்து, நான் தரையில் முழந்தாளிட்டு லென்ஸை வைத்தேன். அவர் மூச்சு இழுத்தால் காசு மேலே வரும், விட்டால் கீழே போகும். நானும் கூடவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கௌசல்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே பார்த்திருந்த பக்கம் கிட்டத்தட்ட வழவழப்பு. ஒரு நாற்காலியின் கால், மடிந்த முழங்காலின் மேடு, நெட்டையாக ஒரு கோடு, இவ்வளவுதான் மிச்சம். முகம் இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது. காசின் தலையில், துளை போடாமல், சின்னத் தங்க வளையம் ஒன்று பற்றவைத்திருந்தது.

"அந்தப் பக்கம் பாக்கலாமுங்களா?" என்றேன். செல்வி இரண்டு விரலால் காசைத் திருப்பினார்.

"யப்பா!" என்று கத்தியேவிட்டேன்.

நேற்று அடித்த காசு மாதிரி இருந்தது. வலது பக்கம் பார்த்த ஓர் ஆண் தலை. கூர்மையான மூக்கு, அழுத்திய உதடு, தலையைச் சுற்றி இலை மாலை, மாலையின் நாடா இரண்டும் பிடரியில் தொங்குகின்றன. ஓர் இலையின் நடுநரம்பைக்கூட லென்ஸில் பார்த்தேன். சுற்றிலும் எழுத்து. திபேரியஸ் சீசர். ஈராயிரம் வருடத்துக்கு முன் ரோமாபுரியை ஆண்ட பேரரசன். எங்கள் பக்கம் கிடைத்த சில காசுகளில் அரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கும். தங்கம் அசலா என்று பார்க்க வெட்டினார்கள் என்பார் ஒருவர், இனி இது செல்லாது என்று காட்ட வெட்டினார்கள் என்பார் இன்னொருவர். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இந்தத் தலையில் ஒரு கீறல்கூட இல்லை.

"இந்த ஆளை நீங்க பார்த்ததே இல்லையா?"

"இந்தாளையா?" என்றார் செல்வி. "இவன எதுக்கு நாங்க பாக்கணும்? அம்மன்தான் வெளிய இருக்கணும். இவன் உள்ளதான் கெடப்பான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வோர் அமாவாசைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் தலைமுறை தலைமுறையாகக் கட்டை விரலால் மஞ்சள் குழைத்துத் தேய்த்து, குங்குமம் அழுத்தி வைத்ததெல்லாம் அம்மன் பக்கத்தில்தான். அரசன் உள்ளே, சேலைக்கும் தோலுக்கும் நடுவில், யாருடைய விரலும் படாமல் சுகமாகப் படுத்திருந்திருக்கிறான். கும்பிட்ட முகம் கும்பிட்டே அழிந்துவிட்டது. சீந்தாத முகம் பத்திரமாக இருக்கிறது.

நான் கொண்டுவந்த படத்தை விரித்தேன். இதே வகைக் காசு, தேயாதது. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் ஓர் இலைக் கொத்து.

செல்வியின் கண் விரிந்தது. "சூலம்! வேப்பிலை!" என்றார். படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அங்காளம்மனேதான்."

கௌசல்யா என்னைப் பார்த்தாள். ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிற பெண், அவளை ஏமாற்ற முடியாது. "நெசமா யாருக்கா அது?" என்றாள்.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. 'ஆமாம், அங்காளம்மன்' என்று சொல்லிவிட்டால் காசு தப்பித்துவிடும். என் நாக்கு அதற்கு ஒத்துழைக்கவில்லை. கையில் இருப்பது செங்கோல், இலை ஆலிவ் என்ற மரத்தின் கிளை, அமைதியின் தெய்வம் என்று சிலர் சொல்கிறார்கள், அந்த அரசனின் தாயாரைத்தான் அப்படி உட்காரவைத்தார்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள் என்றேன். காசு இனி மூசைக்குத்தான், உருக்கிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு செல்வியின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் சாவகாசமாக அடுத்த மல்லாட்டையை உடைத்தார். "அந்த ஊர்ல அவங்களுக்கு அந்தப் பேரு. எங்க ஊட்டுக்கு வந்தப்புறம் எங்க அம்மன். இதுல இன்னா இருக்கு?"

உண்மையான சிக்கல் ஐந்து நிமிடம் கழித்து வாசலில் செருப்பைக் கழற்றியது. செல்வியின் நாத்தனார் அஞ்சலை. கௌசல்யாவின் அப்பாவுக்கு அக்கா, அறுபதைத் தாண்டியவர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். இந்தக் காசு செல்விக்கு முன் அவருடைய அம்மாவின் கழுத்தில் இருந்தது. அந்த அம்மாள் போகும் முன் மருமகள் செல்விக்குப் போட்டுவிட்டார். இந்த வீட்டில் காசு மருமகளுக்குத்தான் போகும், மகளுக்குப் போகாது. செல்விக்கு மகன் இல்லாததால் மருமகள் வர வழியில்லை. அதனால்தான் இப்போது இந்தப் பேச்சே வந்தது.

அஞ்சலை என் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா இது படம். கழுத்துல கெடக்கறது மூளி. மூக்கு ஒடஞ்ச செலைய ஊட்ல வச்சிக் கும்புடுவியா? மூளியா கீறத கல்யாணப் பொண்ணு கழுத்துல போடறது குடும்பத்துக்கு ஆவாது" என்றார்.

"அண்ணி, இத்தினி வருசம் நான் போட்டுக்கினு இருக்கேனே?"

"அப்ப கொஞ்சமாவது மூஞ்சி இருந்திச்சி. ஏன் வாயாடற? நாளைக்கி அமாவாச. மலையனூர் போயி அங்காளம்மன்கிட்டயே பூ கேட்டுடலாம். செவப்பு வந்தா உருக்கறது. வெள்ள வந்தா அப்பிடியே வச்சிக்கறது."

அன்றிரவு திண்டிவனத்தில் எண்ணூறு ரூபாய் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கினேன். விசிறி சத்தம் போட்டது, ஆனால் எனக்குத் தூக்கம் வராததற்கு விசிறி காரணமில்லை.

வியாழக்கிழமை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக மேல்மலையனூர் ஐம்பது கிலோமீட்டர் வரும். அமாவாசைக்கு விட்ட சிறப்புப் பேருந்திலும் நிற்க இடமில்லை. செஞ்சிக் கோட்டையை மூன்று பேரின் அக்குள்களுக்கு நடுவே பார்த்தேன். மலையனூரில் இறங்கியதும் எலுமிச்சம்பழம் விற்கிறவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சாதாரண நாளில் இரண்டு டீக்கடையும் நாலு பெட்டிக்கடையும்தான் இருக்கும் ஊராம் இது. இன்று கால் வைக்க இடமில்லை. கோழியைக் கக்கத்தில் இடுக்கியவர்கள், வேப்பிலையைக் கையில் பிடித்து ஆடுகிறவர்கள், பூட்டுப் போட்டது போல் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நிற்கும் அஞ்சலையும் செல்வியும். கௌசல்யா மட்டும் என் கையைப் பிடித்திருந்தாள்.

செவ்வரளியும் நந்தியாவட்டையும் சேர்த்து இருபது ரூபாய். அஞ்சலை ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி காகிதத்தில் மடித்து, சந்நிதிப் படியில் வைத்து எடுத்தார். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தின் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஒண்ணு எடு கண்ணு" என்றார். அவள் எடுத்தாள். பிரித்தோம்.

சிவப்பு.

எனக்கு அம்மன்மேல் கோபம் வந்தது. வேறு என்னவென்று சொல்வது? அவளுடைய சொந்த உருவத்தை அவளே உருக்கச் சொல்கிறாளே என்று பொருமினேன். செல்வி கண்ணை மூடிக் கும்பிட்டார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். கௌசல்யா திரும்பி நின்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

திரும்பும் பேருந்தில் அஞ்சலைக்கும் எனக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. ஜெயித்தவர் முகமாக அது இல்லை. வெகுநேரம் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தவர், செஞ்சி தாண்டியதும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"சின்ன வயசுல எங்கம்மா மடியில படுத்துக்கினு அந்தக் காசத்தான் பாத்துக்கினு இருப்பேன். தொட வுடமாட்டா. நீ வேற ஊட்டுக்குப் போறவ, உனக்கு எதுக்குன்னுவா. கையில வாங்கிக்கூடப் பாத்ததில்லம்மா நானு. இப்ப இது கௌசிக்குப் போவுது. அவளும் வேற ஊட்டுக்குத்தான போறா? அவளுக்கு மட்டும் எப்பிடி?"

அந்த அம்மாள்மேல் நேற்றிலிருந்து வைத்திருந்த எரிச்சல் கரைந்துவிட்டது. மலையனூரில் வாங்கிப் பையில் வைத்திருந்த மல்லாட்டையைக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. திண்டிவனம் கடைத்தெருவில் பத்தர் கடை, ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு இடம். பொற்கொல்லரை இங்கே பத்தர் என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். இவர்கள் வழக்கத்தில் இரண்டு வீட்டாரும் கொஞ்சம் பொன் போட்டு, அதை ஒன்றாக உருக்கித் தாலி செய்ய வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் போட்ட சின்னத் துண்டு ஏற்கெனவே மூசையில், அந்தக் கைக்கு அடக்கமான மண்கிண்ணத்தில், கிடந்தது. செல்வி விடியற்காலையிலேயே புதுக் கயிறு மாற்றியிருந்தார். காசு ஒரு வெற்றிலையில் இருந்தது. தராசில் வைத்தபோது ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைந்தது.

"ஜல்தியா போடுங்க, நல்ல நேரம் போவுது" என்றார் மாப்பிள்ளையின் அத்தை.

செல்வி காசை எடுத்தார். மூசையைப் பார்த்தார். கை நீளவில்லை. பிறகு பக்கத்தில் நின்ற நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் காசை வைத்தார்.

"நீயே போடு அண்ணி. உங்கம்மா காசு."

அஞ்சலை அதை எதிர்பார்க்கவில்லை. காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உருக்கும் முன் குங்குமம் வைப்பது முறை என்று பத்தர் சிமிழை நீட்டினார். அஞ்சலை கட்டை விரலால் தொட்டு, அம்மனின் முகம் இருந்த இடத்தில் வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. அந்தக் குழியில் அவருடைய விரல் அச்சாகப் பொருந்தியிருந்தது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்.

"ஏ செல்வி... இது எங்கம்மா வெரலுடி."

செல்வி குனிந்து அந்த விரலைப் பார்த்தார்.

"வச்சி வச்சி அவ வெரலு பதிஞ்சி போயிருக்கு. இது எங்க மூளி? ஒடஞ்சாத்தான மூளி? இது கும்பிட்டுத் தேஞ்சது." வாய்விட்டு அழுதார். "நான் தொடாமலே சொல்லிட்டேன்."

"அப்ப அம்மன் வாக்கு?" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. செவ்வரளிச் சேதி அவர்கள் வீடுவரை போயிருந்தது.

அஞ்சலை முகத்தைத் துடைத்துக்கொண்டு காசைத் தூக்கிப் பிடித்தார். "பத்தரே, இந்த வளையம் எப்பிடி கீது?"

பத்தர் வாங்கிப் பார்த்தார். "நூலு மாதிரி ஆயிடிச்சிம்மா. மாத்தறதுதான் நல்லது."

"அந்த வளையத்த அறுத்து மூசையில போடு. அதுவும் எங்கம்மா கழுத்துல கெடந்த பொன்னுதான். அம்மன் பொன்ன உருக்கச் சொன்னா, உருக்கியாச்சி. காசுக்குப் புது வளையம் வையி. அது என் கணக்கு."

மாப்பிள்ளையின் அத்தை கொஞ்சம் யோசித்து, தலையை ஆட்டினார். பத்தர் வளையத்தை வெட்டிப் போட்டு, கேஸ் ஊதுகுழலைப் பற்றவைத்தார். இரண்டு வீட்டுப் பொன்னும் ஒரு சொட்டாகத் திரண்டு ஓடியதைப் பார்த்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். எனக்குக் குலவையிடத் தெரியாது. ஆனாலும் இட்டேன்.

புறப்படும் முன், எந்தப் பக்கத்தை வெளியே வைத்து வளையம் பற்றவைப்பது என்று பத்தர் கேட்டார். அரசன் பக்கம்தான் பார்க்க அழகாக இருக்கிறது என்றும் சொன்னார். என் மனதிலும் அதேதான் இருந்தது, வாயைத் திறக்கவில்லை.

"கட்டிக்கப் போறவன் பக்கத்துல நிக்க, வேற ஆம்பள மூஞ்சிய வெளிய காட்டிக்கினு நிக்கச் சொல்றீங்களா?" என்றாள் கௌசல்யா. மூன்று நாளில் முதல்முறையாக எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். திபேரியஸ் மறுபடி உள்ளே போனான்.

கரூர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நூறு தடவை பார்த்த காசுகள்தான். கண்ணாடிக்கு உள்ளே பேரரசர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். மூக்கு, மாலை, நாடா எல்லாம் ஒழுங்காக இருந்தன. இவ்வளவு நாளும் அதைத்தான் நான் காசின் அழகு என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு ஏனோ தொடக்கூட ஆளில்லாமல் கிடக்கிறார்களே என்று தோன்றியது. கண்ணாடிமேல் விரலை வைத்துப் பார்த்தேன். காவலாளி அதட்டினார்.

போன வாரம் கௌசல்யாவின் கல்யாணப் படம் வந்தது. பெரிதாக்கிக் காசைப் பார்த்தேன். முகமும் தெரியவில்லை, குழியும் தெரியவில்லை. அந்த இடம் முழுக்க, காயாத ஈரக் குங்குமம். கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'முதல் பொட்டு அஞ்சலை அத்தை வெச்சாங்க அக்கா.'